வெளியே போன பாத்திரம்

லவோன் ட்ரெப்டோவின் சமையலறை அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்க ஓவனில் வைக்கும் பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டு வெள்ளை டேப். அதில் கறுப்பு மையில் 'ட்ரெப்டோ', அதன்கீழ் தொலைபேசி எண். எல்ம் ஃபோர்க் என்ற அந்தச் சின்ன ஊரில் எல்லாப் பெண்களும் இப்படித்தான் வைத்திருந்தார்கள். யார் வீட்டிலாவது சாவு, பிரசவம், அல்லது வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் ஒருவன் கை மாட்டிக்கொண்டது என்றால், அன்று மாலைக்குள் பாத்திரங்கள் அந்த வீட்டுக்குப் போய்விடும். வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். உள்ளே போய் உட்காரக் கூடாது. "பாத்திரத்துக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். சில வாரங்களில் பாத்திரம் வீடு வந்து சேரும். வெறுமையாக வராது. நாலு தக்காளியாவது, பத்து பிஸ்கட்டாவது அதில் இருக்கும்.

லவோனின் பாத்திரங்களில் நீலப் பூப்போட்ட வெள்ளைப் பாத்திரம் ஒன்று மட்டும் திரும்பி வரவே இல்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெரிய விருந்துக்குச் சமைக்கும்போது யாராவது அதைக் கேட்பார்கள். "அது வெளியே போயிருக்கு" என்பாள். பக்கத்துப் பண்ணை ஆர்டிஸ்தான் அவளுடைய நெருங்கிய சிநேகிதி. அவள் விடமாட்டாள்.

"எத்தன வருஷமா வெளியே போயிருக்கு? அதுக்குப் பேரு இரவல் இல்ல லவோன், சீதனம்."

லவோன் சிரிப்பாள். யாரிடம் போனது என்று சொல்ல மாட்டாள்.

அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. கணவன் மெர்ல், வீடுகளில் வெந்நீர்க் கொதிகலனும், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் வெப்ப அடுப்பும் பழுது பார்ப்பவன். சட்டைப் பைமேல் 'மெர்ல்' என்று சிவப்பு நூலில் தைத்திருக்கும். கல்யாணமான பத்து வருஷத்தில் லவோனுக்கு நாலு தடவை கரு கலைந்தது. ஐந்தாவது தடவை டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார். முப்பத்தொன்பது வயதில் அவள் அப்பா விட்டுப்போன நிலத்தில் தன் பங்கை அண்ணனுக்கே விற்றாள். அண்ணன் சொன்னதுதான் விலை. பதினெட்டாயிரம் டாலர். அதை எடுத்துக்கொண்டு இருவரும் கிராண்ட் ஐலண்ட் நகரத்தில் தத்தெடுப்பு வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஸ்வோபோடாவிடம் போனார்கள்.

ஸ்வோபோடா ஒளிவுமறைவு இல்லாதவர். பிள்ளையைக் கொடுக்க நினைக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு வாடகை, மருத்துவம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் தத்தெடுக்க வருபவர்கள் பொறுப்பு என்றார். பிரசவமாகி இரண்டு நாள் கழித்துத்தான் அவள் கையெழுத்துப் போட முடியும். அதுவரை பிள்ளை அவளுடையது.

"மிஸஸ் ட்ரெப்டோ, இத நல்லாக் கேட்டுக்குங்க. நீங்க குடுக்கறது கடனும் இல்ல, முன்பணமும் இல்ல. அவ மனசு மாறிட்டா ஒரு சென்ட் திரும்பாது. திரும்பக் கேக்கவும் கூடாது. கேட்டா, குழந்தைய விலை பேசினதா ஆயிடும்."

"அப்ப நாங்க எதுக்குத்தான் பணம் கட்றோம்?" என்று மெர்ல் கேட்டான்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கறதுக்கு. அதுக்கு மட்டும்தான்."

"அது போதும்" என்று லவோன் முந்திக்கொண்டு சொன்னாள்.

நகரத்துக் குடும்பங்கள் சில இரண்டு முறை பணத்தை இழந்து மூன்றாம் முறை பிள்ளையோடு வீடு போனதை வக்கீல் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னார். லவோன் விற்பதற்கு இன்னொரு நிலம் இல்லை. இன்னொன்றும் சொன்னார்: நேரில் எதையும் கொடுக்கக் கூடாது. எல்லாம் அவர் அலுவலகம் வழியாக. ஊர், குடும்பப் பெயர் எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாம். என்ன கொடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்பார்.

பெண்ணின் பெயர் டார்சி. பத்தொன்பது வயது. பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நின்றாள். பிள்ளையின் அப்பன் வயோமிங்கில் எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், போனவன்தான். வக்கீல் அறையில் முதல் சந்திப்பில் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிளம்பும்போது லவோனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், வீட்டில் நாய் இருக்கிறதா என்று. இருக்கிறது என்று லவோன் சொன்னாள். "நல்லது" என்றாள் டார்சி.

முதலில் வாடகை. பிறகு ஸ்கேன். பிறகு கார் படுத்துவிட்டது, கார் இல்லாமல் டாக்டரிடம் போக முடியாது. ஆறாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறியது, டாக்டர் படுக்கையில் இரு என்றார், வேலை போனது. அதன்பின் எல்லாச் செலவும் இவர்கள் தலையில். வக்கீல் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுச் சொல்வார், லவோன் சரி என்பாள். எதுவும் வீண்செலவு இல்லை. வீண்செலவாக இருந்திருந்தால் மறுத்திருக்கலாம்.

"தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கோம்" என்றான் மெர்ல். "அளவு காட்டற முள்ளு மட்டும் நம்ம கண்ணுக்குத் தெரியல."

"உனக்குப் பயமா இருந்தா சொல்லு."

"பயந்தாங்கொள்ளி கொதிகலன் வேலைக்கு வருவானா?" என்றான். ஆனால் அந்த மாதம் அவன் புகைப்பதை நிறுத்தினான். டாக்டர் சொல்லி நிறுத்தாததை.

தேவாலயத்துப் பெண்கள் வளைகாப்பு மாதிரி ஒரு விருந்து வைத்தார்கள். பிள்ளையைச் சுமக்காத லவோனை நடுவில் உட்கார வைத்துப் போர்வையும் பால்புட்டிகளும் குட்டிக் காலுறைகளும் கொடுத்தார்கள். ஆர்டிஸ் தன் பிள்ளைகள் படுத்த தொட்டிலைப் புதுச் சாயம் பூசிக் கொண்டுவந்தாள். "மூணு பேரு இதுல ஒண்ணுக்குப் போயிருக்காங்க, இன்னும் ஒருத்தன் போனா ஒண்ணும் ஆகாது" என்றாள். அறைச் சுவருக்கு மஞ்சள் அடித்தார்கள். பையனாக இருந்தால் தன் அப்பா பெயரை, ஆன்டன் என்று வைப்பதாக லவோன் யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்திருந்தாள்.

ஜனவரியில், நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள ஒரு ஊரிலிருந்து வீட்டுக்காரர் ஒருவர் மெர்லைக் கூப்பிட்டார். மூடிப்போன இரும்புக் கடைக்கு மேலே ஒரு வாடகை வீடு, வெப்ப அடுப்பு நின்றுவிட்டது. வெளியே உறைபனி. மெர்ல் கதவைத் தட்டினான். கோட்டும் இரண்டு போர்வையுமாகக் கதவைத் திறந்தது டார்சி. இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள். குடிக்க ஏதாவது கொடுக்கலாமென்று அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, மூடிவிட்டாள். அவன் அடுப்பைக் கழற்றி, எரிவாயு வால்வை மாற்றி, அறை சூடாகும்வரை மூலையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்.

"ஃப்ரிட்ஜ்ல ஊறுகாய் பாட்டில் ஒண்ணு. கடுகு சாஸ் ஒண்ணு. அவ்வளவுதான்."

"சாப்பாட்டுக்குத் தனியா குடுக்கறோமே?"

"கார் மறுபடியும் படுத்துருச்சாம். அதுல போட்டுட்டா."

லவோன் எழுந்து கோழியை வேகவைத்தாள். முட்டை நூடுல்ஸ், பால், சீஸ், மேலே பொடித்த ரொட்டித்தூள். நீலப் பூப் பாத்திரம் நிறைய. மெர்ல் வாசல்படியில் நின்று பார்த்தான்.

"ஸ்வோபோடா என்ன சொன்னார்?"

"சாப்பாடு கொண்டு போறது குடுக்கறதுல சேராது" என்றாள்.

அவளுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. நல்லது கெட்டதுக்கு எந்த வீட்டு வாசலிலும் அவள் கை நிற்காமல் நீண்டிருக்கிறது. அதற்குச் சட்டம் என்று ஒன்று உண்டென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் தனியாகக் கார் ஓட்டிப் போனாள். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். டார்சி பாத்திரத்தை வாங்கி, மூடியைத் திறந்து, நின்றபடியே ஒரு கரண்டியால் அதிலிருந்தே சாப்பிட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துவிட்டு லவோனால் படியிறங்க முடியவில்லை. உள்ளே போனாள். தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவினாள். படுக்கைவிரிப்பை உதறிப் போட்டாள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"குழந்த நிறுத்தாம அழுதா என்ன செய்வீங்க?" என்று டார்சி கேட்டாள்.

"தூக்கிட்டு நடப்பேன்."

"அப்பவும் நிக்கலன்னா?"

"இன்னும் கொஞ்சம் நடப்பேன். வேற என்ன இருக்கு கண்ணு? எல்லாரும் அதத்தான் செய்றாங்க. பெரிய வித்தை ஒண்ணும் இல்ல."

எப்படித் தூக்குவது என்று ஒரு துவாலையைச் சுருட்டித் தோளில் சாய்த்துக் காட்டினாள். தலையை எங்கே தாங்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும். சகோதரிகளின் பிள்ளைகளைத் தூக்கிப் பழகிய கை. டார்சி கரண்டியை வைத்துவிட்டுத் துவாலையை வாங்கி, அதே போல் செய்து பார்த்தாள். "தல இன்னும் கொஞ்சம் மேல" என்றாள் லவோன்.

கிளம்பும்போது பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "பாத்திரத்துக்கு அவசரமில்ல."

பாதி வழியில்தான் அடியில் ஒட்டிய டேப் நினைவுக்கு வந்தது. குடும்பப் பெயர், தொலைபேசி எண். காரை ஓரம் கட்டினாள். திரும்பிப் போய்ச் சாப்பிடுகிற பெண்ணிடமிருந்து பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டா வருவது? வீட்டுக்கே போனாள்.

பிப்ரவரிக் கடைசியில் பையன் பிறந்தான். ஏழு பவுண்டு. டார்சி அனுமதித்தாள், ஒரு பிற்பகல் முழுக்க லவோன் அவனை வைத்திருந்தாள். புட்டிப்பால் கொடுத்தாள். அவன் அவள் இடது கையில் தூங்கிவிட்டான். கை மரத்தது. மாற்றவில்லை. மெர்ல் ஒரு விரலால் அவன் உள்ளங்காலைத் தொட்டுவிட்டு, விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இரண்டாம் நாள் மாலை இருவரும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே தரையில் குழந்தையை வைக்கும் கார் இருக்கை. டார்சியின் அறையிலிருந்து வக்கீல் வெளியே வந்தார். தொப்பி கையில் இருந்தது. அதைப் பார்த்ததுமே மெர்ல் எழுந்து நின்றான்.

"கையெழுத்துப் போடல" என்றார் ஸ்வோபோடா. "தானே வளக்கறேங்கறா."

"ஏன்?"

"ஏன்னு அவ சொல்ல வேண்டியதில்ல மெர்ல்."

வண்டி ஓடும்போது பின்னால் காலி இருக்கையின் கொக்கி சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. மெர்ல் ஒரு சோள வயலோரம் நிறுத்தி, இருக்கையை எடுத்துக் கருவிப் பெட்டிகளுக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டினான். திரும்பி வந்து வெகுநேரம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான்.

தேவாலயத்துப் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இது சாவு இல்லை. பிரசவமும் இல்லை. கடைசியில் ஆர்டிஸ் பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் வைத்த பாத்திரத்தோடு வந்தாள். "இதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல லவோன். பாத்திரத்துக்கு அவசரமில்ல." அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். சமையல்மேடை நிறைந்தது. புதைக்க எதுவும் இல்லாத சாவுக்கு இருவரும் ஒரு வாரம் சாவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். மஞ்சள் அறையை மூடினார்கள்.

வக்கீல் கூப்பிட்டார். இதுவரை செலவானது செலவானதுதான். ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய இரண்டு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிய பணம் அவர் கணக்கில் இன்னும் இருக்கிறது. அதை வேண்டுமானால் நிறுத்தலாம். அது இவர்கள் விருப்பம்.

"நிறுத்த வேணாம்" என்றான் மெர்ல். "பச்சக் குழந்தையோட எங்க போவா?"

"நம்ம குழந்தையோட" என்றாள் லவோன்.

"நம்மது இல்ல. நமக்கு மொதல்லயே சொன்னாங்க."

"நிறுத்தச் சொல்லுங்க" என்று அவள் தொலைபேசியில் சொன்னாள். மெர்லைப் பார்க்காமல் சொன்னாள். வாழ்நாளில் அவள் ஒருவருக்குச் செய்த ஒரே கெடுதல் அது. அந்தப் பணத்தில் கூரையின் மேற்குப் பக்கத்தை மாற்றினார்கள். மழை பெய்யும்போது அந்தப் பக்கம் மட்டும் வேறு சத்தம் வரும்.

மார்ச் நடுவில் டார்சி வீட்டைக் காலி செய்துவிட்டாள் என்று வீட்டுக்காரர் மெர்லிடம் சொன்னார். எங்கே போனாள் என்று தெரியாது. பாத்திரம் ஏதாவது விட்டுப் போனாளா என்று லவோன் விசாரிக்கச் சொன்னாள். இல்லை.

மறுபடி முயலவில்லை. பணம் இல்லை. இருந்திருந்தாலும் அந்தத் தாழ்வாரத்தில் இன்னொரு முறை உட்கார மெர்லுக்குத் தெம்பில்லை. தொட்டில் ஆர்டிஸிடம் திரும்பிப் போனது, பேரன் படுத்தான். லவோன் ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சமைத்துப் போட்டாள். ஒரு நாளும் ஒரு தட்டு கருகியதில்லை. இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அவள் கை ருசி தெரியும். ஒரு கேள்வி மட்டும் அவளை விடவில்லை. அன்று அவள் அந்தப் படி ஏறாமல் இருந்திருந்தால் டார்சி கையெழுத்துப் போட்டிருப்பாளா? டேப்பிலிருந்த பெயரைப் பார்த்துப் பயந்தாளா? சொல்லக் கூடாததை எதையாவது சொல்லிவிட்டோமா? மெர்லிடம் ஒரு தடவை கேட்டாள். "எனக்கு அடுப்பு மட்டும்தான் புரியும் லவோன்" என்றான். சிரிக்க வைப்பதற்காகச் சொன்னான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஒருவர் வீட்டு நிலவறையில் கொதிகலன் பக்கத்திலேயே மாரடைப்பு வந்து அவன் போனான். பாத்திரங்கள் வந்தன. திரும்பிப் போயின.

அதற்கு நாலாம் வருஷம் ஜூன் மாதம், டெக்சஸ் எண் போட்ட வண்டி ஒன்று வாசலில் நின்றது. முப்பது வயது ஆள் இறங்கினான். காற்றாலைக் கம்பெனிச் சட்டை. கையில் துவாலை சுற்றிய ஏதோ ஒன்று. முகம் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. துவாலை விலகி நீலப் பூ தெரிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸஸ் ட்ரெப்டோவா, மேம்?"

"அவ எங்க?"

"அம்மா ஏப்ரல்ல போயிட்டாங்க. கணையத்துல கேன்சர். கண்டுபிடிச்சு ஒன்பது வாரம்." அவன் எந்திரத்தின் பழுது சொல்வது போலச் சொன்னான். "என் பேரு கோல்பி."

கோல்பி. அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அவன் பாத்திரத்தைத் திருப்பிக் காட்டினான். அடியிலிருந்த பழைய டேப்புக்கு மேல் யாரோ கண்ணாடி டேப் ஒட்டியிருந்தார்கள். பெயரும் எண்ணும் அழியவில்லை. ஒவ்வொரு வீடு மாறும்போதும் அம்மா இதைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் வண்டியில் உட்காருவாள் என்றான். இதில் சமைக்க விட மாட்டாள். திருப்பிக் கொடுக்க வேண்டியது, வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்பாள்.

"இதுல என்ன போட்டுக் குடுக்கறதுன்னு அவங்களுக்குக் கடைசிவரைக்கும் தெரியல மேம். எனக்கும் தெரியல. வெறுமையாத்தான் கொண்டு வந்திருக்கேன்."

லவோன் அவனை உள்ளே கூப்பிட்டு, மேசையில் உட்கார வைத்து, காபி ஊற்றினாள். இத்தனை வருஷமும் சேர்த்து வைத்திருந்த கோபத்தில் ஒரு சொல்கூட இப்போது கைக்கு அகப்படவில்லை. கேள்வி மட்டும் இருந்தது.

"அவ ஏன் கையெழுத்துப் போடல?"

அவனுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். பிறந்தநாள்தோறும் கேட்டு வளர்ந்தது. நன்றி சொல்வதாக நினைத்துச் சொன்னான்.

"அதுவரைக்கும் குடுத்துடறதாத்தான் இருந்தாங்களாம். முதல்ல அடுப்பு சரியாச்சு. அப்புறம் நீங்க சாப்பாடு கொண்டு வந்தீங்க. எதுவும் கேக்காம பாத்திரம் கழுவினீங்க. அழுதா தூக்கிட்டு நடக்கணும், வேற வித்தை இல்லன்னு சொன்னீங்களாம். துவாலைய வெச்சுக் காட்டினீங்களாம். 'அன்னிக்குத்தான் கோல்பி, அட, இத நானே செய்வேனேன்னு தோணுச்சு'ன்னு சொல்வாங்க."

லவோன் கையை மேசைமேல் விரித்து வைத்தாள். அந்தப் பெண் நல்லா இருக்கறதுக்கு மட்டும்தான் பணம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அது போதும் என்று இவள் சொல்லியிருந்தாள். நிலத்தை விற்று, அடுப்பை மூட்டி, வயிற்றை நிரப்பி, பிள்ளையைத் தூக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பெண் நன்றாகவே இருந்தாள். பிள்ளையை வைத்துக்கொள்ளும் அளவுக்கு.

"அந்த மார்ச்ல எங்க போனீங்க?" என்று கேட்டாள்.

"சலைனாவுல சித்தி வீட்டு நிலவறைக்கு. ஈரம் ஓதம். எனக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேனாம். வாடகை முடிஞ்சிருச்சுன்னு அம்மா சொன்னாங்க."

 அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, சுத்தமாக இருந்த பாத்திரத்தை இரண்டு முறை கழுவினாள்.

வந்தவன் தாயைப் பறிகொடுத்தவன். அவள் ஊரில் அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். உறைபெட்டியில் கோழி இருந்தது. நூடுல்ஸ் இருந்தது. அவள் சமைக்க ஆரம்பித்தாள். ஓவனில் ஒரு மணி நேரம் ஆகும், இருந்து வாங்கிக்கொண்டு போ என்றாள். சரி மேம் என்றான். இரவு முழுக்க ஓட்டி வந்தவன். பழைய மஞ்சள் அறையில் மெர்லின் சாய்வு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனான்.

அவள் எதிரில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அவன் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அன்றும் அப்படித்தான் தூங்கினான். சமையலறையில் ஓவன் நேரம் முடிந்ததைச் சொல்லும் கடிகார மணி அடிக்கப் போகிறது என்று தெரிந்தது. எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு, ஓவனை அணைக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஏன் அணைக்கவில்லை என்று அவளுக்கே தெரியாது. வெளியே எடுத்தால் அவன் கிளம்பிவிடுவான் என்றிருக்கலாம். தீய்ந்த வாசனை வந்தது. அதற்கும் எழவில்லை. அந்த வாசனையில்தான் அவன் விழித்தான்.

மேல்பரப்பு கறுத்துப்போயிருந்தது. "பரவால்ல மேம், நல்ல வாசன" என்றான். அவள் புது டேப் ஒட்டி, பெயரையும் அதே எண்ணையும் எழுதினாள். அவன் எண்ணைக் கேட்டு இன்னொரு துண்டு டேப்பில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். வண்டிவரை வந்தாள். அவன் பாத்திரத்தை முன்னிருக்கையில் வைத்துப் பட்டையை இழுத்துப் பூட்டினான். அதை அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"பாத்திரத்த எப்பக் கொண்டு வரட்டும்?"

அவள் வாய்க்கு வந்த பழைய சொல்லை விழுங்கினாள்.

"சீக்கிரம். எனக்கு அறுபத்தொன்பது ஆகுது. இந்தத் தடவ அவசரம்தான்."

நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு வருவதாகச் சொன்னான். இடையில் நாலு தடவை தொலைபேசியில் பேசினார்கள். பெரும்பாலும் காற்று பற்றி, அவளுடைய நாய் பற்றி. வாடகை பற்றி அவள் ஒரு தடவை ஆரம்பித்தாள். அவன் வேலை செய்த காற்றாலைக் கோபுர உச்சியில் காற்று இரைச்சல், அவனுக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்க என்றான். "ஒண்ணும் இல்ல, ஜாக்கிரதையா இறங்கு" என்றாள். நவம்பர் முதல் வாரம் தேவாலயக் கீழ்த்தளத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தவள் சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. குளிர்பெட்டிக் கதவிலிருந்த டேப்பைப் பார்த்து ஆர்டிஸ்தான் அவனைக் கூப்பிட்டாள். கோல்பி யார் என்று அவளுக்குத் தெரியாது. அவன் சொன்னபின் தெரிந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கீழ்த்தளத்தில் சாப்பிட்டார்கள். நீள மேசை முழுக்கப் பாத்திரங்கள். கடைசியில் பெண்கள் அவற்றைக் கழுவி, அடியில் பெயர் பார்த்து உரியவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டிஸ் நீலப் பூப் பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இறந்தவளின் பெயர்.

"இது வெளியே போயிருந்தது" என்றாள்.

"நான்தான் கொண்டு வந்தேன்" என்றான் துடைத்துக்கொண்டிருந்த கோல்பி.

"இத நீயா சமைச்ச? மேல பூரா கருகியிருந்துச்சு. லவோன் பாத்திரத்துல இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல."

"எனக்கு அவங்க குடுத்தது இப்படித்தான் இருந்துச்சு. இப்படித்தான் செய்யணும்னு நெனச்சேன்."

 ஆர்டிஸ் ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்பைச் சுரண்டிக் கழுவித் துடைத்து, மீந்திருந்த பன்றித்தொடைத் துண்டுகளை அதில் அடுக்கி, மூடி, அவன் கையில் கொடுத்தாள். அவசரமில்லை என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அந்த ஊரில் இனி யாரும் இல்லை.